மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட பெரியவருக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று இந்த இரண்டு மாதமாக விசாரித்துக்கொண்டே இருந்த உங்களுக்குத் தெரியும். கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையில் கிருமி இருப்பது தெரிந்து, நோய் முற்றுமுன் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் திரும்பச் சொல்லப் போவதில்லை. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு, இனி அடுத்த வருஷம் வந்தா போதும்" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். மனசு இன்னும் படபடவென்றுதான் இருக்கிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

வீட்டு வாசலுக்கே சோதனைக் குச்சியைக் கொண்டுவந்து, "நீங்களே மாதிரி எடுத்துக் குடுக்கலாம்க்கா, யாரும் பாக்க வேண்டியதில்ல" என்ற சிஸ்டர், முடிவு வந்த அன்று வேலையை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறிய பக்கத்து வீட்டுத் தங்கச்சி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள், குழாயடியில் என் குடத்துக்கும் இடம் பிடித்தவர்கள், சம்பளம் பிடிக்காத வேலைவீட்டு அம்மா... எல்லாருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பொதுக் கழிப்பறையில் காவலிருக்கிறாரே, அந்தப் பெரியவர்.

சிகிச்சை ஒரு நிமிஷ வேலைதான். கருப்பை வாயில் அந்த இடத்தை மட்டும் சூடு வைத்துக் கருக்கிவிடுகிறார்கள். மயக்க மருந்துகூட கொடுக்கவில்லை. பாடு அதற்குப் பிறகுதான். நாலு வாரம் போலத் தண்ணீராகப் போகும், துணி மாற்றிக்கொண்டே இருக்கணும், சுத்தமா இருக்கணும், வீட்டுக்காரரோடு சேரக் கூடாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எங்கே போய்த் துணி மாற்றுவாய் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கழிப்பறையில் மூன்று கதவு. இரண்டில் விளக்கு எரியாது, மூன்றாவதில் தாழ்ப்பாள் கிடையாது. இரவு 10 மணிக்கு வெளிக்கதவையும் பூட்டிவிடுவார்கள்.

முதல் ராத்திரி பையும் கையுமாகப் போய் நின்றேன். பெரியவர் வாசலில் படுத்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்தார், பூட்டைத் திறந்தார், தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மூன்றாவது ராத்திரி போனபோது மூன்றாவது கதவில் புதுத் தாழ்ப்பாள். உள்ளே ஒரு வாளி நிறையத் தண்ணீர், பை மாட்டச் சுவரில் ஓர் ஆணி. நான் வெளியே வந்ததும், "சாவி இந்தக் கல்லுக்கு அடியில இருக்கும்மா. என்னை எழுப்ப வேணாம்" என்றார். அவ்வளவுதான். என்ன நோய், ஏன் இந்த நேரத்தில் வருகிறாய், ஒரு கேள்வி கிடையாது. காசு எடுத்து நீட்டினேன். காசுப் பெட்டியை உள்ளே தள்ளி வைத்துவிட்டார்.

இதே மனிதரிடம், "நாத்தம் தாங்கல, கழுவமாட்டியா?" என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன்! ஐயா, மன்னிச்சிடுங்க. (அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள். இந்த வரியை மட்டும் இரண்டு தடவை.)

எனக்கு வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, எதுவுமே இல்லை. குச்சியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன். எச்.பி.வி. என்கிற கிருமி உடம்பில் தங்கி, கருப்பை வாய்ப் புற்றுநோயாக முற்ற 15, 20 வருஷம் ஆகும் என்றார் சிஸ்டர். அவ்வளவு அவகாசம் இருந்தும் நம்மில் எத்தனை பேர் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்? 2030க்குள் 100 பெண்களில் 70 பேருக்காவது 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45க்குள் இன்னொரு தடவையும் இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம். நம் வரிசையில் எண்ணிப் பார்த்தேன். 30 தாண்டியவர்கள் 14 பேர். சோதனை செய்துகொண்டவர்கள் 2.

மற்ற 12 வீட்டுக்கும் நானே வருகிறேன். விரட்டினாலும் வருவேன். குச்சியை மட்டும் கொடுத்துவிட்டுப் போக மாட்டேன். எங்கே போய் எடுப்பாய் என்று முதலில் கேட்பேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, என் மகளைக் கதவை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் நான் எடுத்தேன். கை நடுக்கத்தில் குச்சியே கீழே விழப் பார்த்தது. அவளுக்கு இப்போது 12 வயது. 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிற எச்.பி.வி. தடுப்பூசியை இந்த வருஷமே போட்டுவிடப் போகிறேன்.

இன்னொன்று. தாழ்ப்பாள் இப்போது கொஞ்சம் இறுகுகிறது. எண்ணெய் விட மகனிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டால் பயப்படாதீர்கள், கதவை லேசாகத் தூக்கி இழுங்கள், வந்துவிடும்.