கோமதிக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள கோமதி,

நாங்கள் நலம். மாமியாரின் முழங்கால் அப்படியேதான், தென்னையில் வெள்ளை ஈயும் அப்படியே. உன் அண்ணன் இங்கே வந்து போன கதை நேரில்தான் சொல்ல வேண்டியது. இது எங்கள் வீட்டு மகாராணி, என் மகளைப் பற்றி.

கிறிஸ்துமஸ் லீவில் பறம்பிக்குளம் போனோம். கேரளத்துக் காட்டுக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாடு வழியாகப் போகிற கூத்து உனக்குத் தெரியும். கன்னிமாரா தேக்கை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். இவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறாள். ஒரு கோடுகூட இல்லை. ஆனாலும் முகத்தில் பதற்றமில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஸ்னாப்சாட் ஆப்பில் ஸ்ட்ரீக் என்று ஒன்று. இரண்டு பேர் தினமும் மாறி மாறிப் படம் அனுப்ப வேண்டும். ஒரு நாள் விட்டால் கணக்கு பூஜ்யம். என்ன படம் என்று கேள். சுவர், ஃபேன், பாதி நெற்றி. அறுந்தால் காசு கட்டி ஒட்டவைத்துக்கொள்ளவும் வழி உண்டாம், கெட்டிக்காரன்கள்! அது அறுந்துவிடக் கூடாதென்று, கிளம்பும் முன் பாஸ்வேர்டை வகுப்புத் தோழியிடம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் படமும் அனுப்பினாள், உள்ளே இருந்ததையெல்லாம் படிக்கவும் படித்தாள். இன்னொருத்தியைப் பற்றி இவள் எழுதியிருந்தது வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது மதியச் சோற்றுக்கு இவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

நான் சும்மா இருப்பேனா? கோமதியும் நானும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தோமே, எது அறுந்தது என்று கேட்டேன். "அம்மய்க்கு இதொந்நும் மனசிலாவில்ல", அதாவது அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, என்று மலையாளத்தில் ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அந்தப் பாஷைதான். அப்புறம் தமிழுக்கு வந்து, "உனக்குக் கோமதி ஆன்ட்டி இருக்காங்கன்னு உறுதியாத் தெரியும். எனக்குத் தினமும் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். பதிலே வரவில்லை, கோமதி. பதினாலு வயதில் அந்தப் பயம் நமக்கும் இருந்தது. ஆனால் அதற்கு ராத்திரி லீவு உண்டு. பள்ளிக்கூடம் விட்டால் மறுநாள் காலைவரை யார் நம்மோடு பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இவளுக்கு அந்த ஓய்வுதான் இல்லை.

போனைப் பிடுங்கு என்கிறார் இவர். வீட்டுப்பாடம் வருவதே வகுப்பு வாட்ஸ்அப்பில். எப்படிப் பிடுங்குவது? ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரிய சோஷியல் மீடியா ஆப்களில் கணக்கே கூடாது. மீறினால் அபராதம் கம்பெனிக்கு, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023ஆம் வருஷச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் இவள் கொடுத்திருக்கும் பிறந்த வருஷம் 2001. என் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிறந்துவிட்டாள், சிரிக்காதே.

பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. அந்தத் தோழியின் அம்மாவிடம் பேசலாமா என்றுதான் குழப்பம். பேசினால் இவள் இன்னும் தனியாகிவிடுவாளோ? உன் பையன் ஒன்பதாவது படித்தபோது நீ என்ன செய்தாய், மறைக்காமல் எழுது. கொங்கன் படைத் திருவிழாவுக்குக் கட்டாயம் எங்கள் பக்கத்துச் சித்தூருக்கு வா, அவனையும் கூட்டிக்கொண்டு. போன் செய்வதானால் இவர் நம்பருக்குச் செய். என் போன் ராத்திரி ஒன்பதுவரை என் கையில் இருப்பதில்லை.

உன்,
செல்வி