சட்டப்படியா, முறைப்படியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொழிபெயர்ப்புக் கட்டுரையில், ‘லெஜிட்டிமேட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ‘சட்டப்படி’ என்றே போட்டிருக்கிறீர்கள். ‘ஆட்சியாளரிடம் மக்கள் சட்டப்படி எதிர்பார்க்கும் நேர்மை’ என்று ஒரு வரி. நேர்மையை எதிர்பார்க்க மக்களுக்குச் சட்டம் எதற்கு? ‘நியாயமாக எதிர்பார்க்கும்’ என்பதுதான் அங்கே பொருள். சொல் மாறியதில் கட்டுரையாளரின் வாதமே அந்த இடத்தில் சரிந்துவிட்டது.

வேர் என்னவோ சட்டம்தான். லத்தீனில் ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். அதிலிருந்து வந்தது ‘லெஜிட்டிமஸ்’. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இதன் பெயரடை வடிவமான ‘லெஜிட்டிமேட்’ ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது குறித்தது பிறப்பை. மணமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை என்று பொருள். மற்ற பிள்ளைகளுக்கு அதன் எதிர்ச்சொல்லான ‘இல்லெஜிட்டிமேட்’ ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் பின்னாளில் மணந்துகொண்டால் முன்பே பிறந்த பிள்ளைக்கும் மணவழிப் பிள்ளையின் உரிமை வேண்டும் என்று 1236இல் இங்கிலாந்தின் மெர்ட்டனில் கூடிய அவையில் ஆயர்கள் கேட்டார்கள். ‘இங்கிலாந்தின் சட்டங்களை மாற்ற நாங்கள் விரும்பவில்லை’ என்று பிரபுக்கள் மறுத்துவிட்டார்கள். அந்த உரிமை 1926இல்தான் கிடைத்தது. அப்போதும், பிள்ளை பிறந்த நேரத்தில் தாயோ தந்தையோ வேறொருவரை மணந்திருந்தால் கிடையாது. அதற்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை நூற்றாண்டுகளாக அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததெல்லாம் சட்டப்படியானதே, நியாயமானது அல்ல. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இந்தக் கொடுமையைத் தமிழில் சொல்லவே முடியாமல் போய்விடும்.

நாடக மேடையிலும் இச்சொல்லுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1737ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை அரச உரிமம் பெற்ற அரங்குகளிடமே சுருங்கியது. 1843 வரை அந்த நிலை நீடித்தது. அங்கே நடந்ததுதான் ‘லெஜிட்டிமேட்’ நாடகம். இன்று இளைஞர்கள் சொல்லும் ‘லெஜிட்’ நாடகக்காரர்களின் பேச்சில் புழங்கிய சுருக்கம்தான்.

அரசியலில் பொருள் இன்னும் ஆழமானது. நெப்போலியன் வீழ்ந்தபின், 1814-15 வியன்னா மாநாட்டில் பிரான்சின் பிரதிநிதி தலேராண்ட் இச்சொல்லின் கருத்தைப் பழைய அரச வம்சங்களின் வாரிசுரிமைக்காக முன்வைத்தார். நூறாண்டு கழித்து ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் கேள்வியையே மாற்றினார்: ஆளப்படுபவர்கள் ஓர் அதிகாரத்தை ஏன் சரியென்று ஏற்கிறார்கள்? மரபு, தலைவரின் ஈர்ப்பு, சட்டம் என மூன்று அடிப்படைகளைச் சொன்னார். சட்டம் அவற்றில் ஒன்று மட்டுமே.

தமிழில் ‘முறை’ இருக்கிறது. உறவுக்கும் முறை என்கிறோம், ஆட்சிக்கும் முறை என்கிறோம். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் அது நீதியையே குறிக்கிறது. ஆங்கிலச் சொல் பிறப்பிலிருந்து அரியணைவரை நடந்த தூரத்தை இந்த ஒரு சொல் தாங்கும். நீதிமன்றம், ஒப்பந்தம் பற்றிய இடங்களில் ‘சட்டப்படி’ இருக்கட்டும். அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது ‘முறைப்படி’ என்றும், கேள்வி, கோபம், எதிர்பார்ப்பு ஆகியவற்றைச் சொல்லும்போது ‘நியாயமாக’ என்றும் எழுதுங்கள். கட்டுரையின் அடுத்த பகுதி அச்சேறும் முன் அந்த வரிக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்