பூங்கா நாற்றம்: சாக்கடையைத் தோண்டுவதற்கு முன்னால்

எங்கள் காலனி நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பூங்காவின் வடக்கு மூலையில் செம்பருத்திப் பாத்தியிலிருந்து வரும் அழுகின முட்டை நாற்றத்துக்குப் பாதாளச் சாக்கடை உடைப்புதான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டி, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலும் ஆரம்பித்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சாக்கடை உடைந்திருந்தால் சித்திரை வெயிலிலும் நாற வேண்டுமே? கக்கூஸ் தண்ணீர் மழைக்காலத்தில் மட்டுமா ஓடுகிறது? இது மழை பெய்தால் நாறுகிறது, குழாயைத் திறந்து விட்டால் நாறுகிறது, காய்ந்தால் நின்றுவிடுகிறது.

தோட்டக்கார அண்ணனை வைத்துத் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக வில்லைகள், சிலவற்றில் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்ட ஜிப்சம் போர்டின் உடைசல். அதோடு புதைந்த இலைதழை. சுற்றியிருந்த மண் மைபோலக் கறுத்திருந்தது. ஒரு கட்டியை வெளியே போட்டுவைத்தால் காற்றுப்பட்டு மெல்ல மெல்லப் பழுப்பாகிவிட்டது.

ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். காற்றுப் புகாத ஈரமண்ணில் ஒருவகை பாக்டீரியா, ஆக்சிஜன் கிடைக்காமல் சல்பேட்டை வைத்துக்கொண்டு இலைதழையைத் தின்னும், அப்போது வெளியாவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற அந்த முட்டை நாற்றம். மண்ணிலுள்ள இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பு. ஜிப்சத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உசிலம்பட்டிப் பக்கம் கடலை போடுகிறவர்களைக் கேளுங்கள், எக்டேருக்கு 400 கிலோ போடச் சொல்கிறார்கள், எந்தக் காடும் நாறவில்லை, ஏனென்றால் அங்கே மண்ணில் காற்றோட்டம் இருக்கிறது. நம்முடையது பழைய வயல், களிமண், நின்ற தண்ணீர் இறங்காது. போதாக்குறைக்குப் பூங்காக் குழாய் வேறு வாசர் தேய்ந்து எந்நேரமும் சொட்டுகிறது.

உடைசலைக் கொட்டியது யார் என்ற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம்.

ஆனால் கூட்டத்தில் ஒருவர், "ஆளை உள்ளே இறக்கிப் பார்த்துவிடலாம்" என்றாரே, அதை மட்டும் செய்யாதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாத்தி திறந்தவெளி, அங்கே வரும் வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய குழியில் இதே வாயு தேங்கி நிற்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார்.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த மூலையை உடைசல் தீரும்வரை வெட்டி அள்ளி டிராக்டரில் ஏற்றிவிடுங்கள், மறுபடி வேறொரு காலி மனையில் கொட்டாமல் கட்டடக் கழிவு எடுக்கும் இடத்துக்கே போகட்டும். குழியில் செம்மண்ணும் மணலும் நன்றாக மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, தண்ணீர் வடிய ஒரு வாட்டம் கொடுங்கள். அப்புறம் குழாய்க்குப் புது வாசர். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தால் நல்லது. இதுவரை வசூலித்ததே இதற்குத் தாராளமாகப் போதும். அதற்குப் பிறகும் நாறினால் சாக்கடையைத் தோண்டுங்கள், என் பங்கை முதல் ஆளாகக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது தெருக்காரன்