கண்ணாடி செய்வதும் காயம் செய்வதும்

ஏற்காடு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. சேலம் அஸ்தம்பட்டியில் உன் ஓவிய வகுப்புக்கு வரும் பெண்ணின் சுய உருவப்படத்தில் கண்கள் வெறித்துப் பார்க்கின்றன, உள்ளே ஏதோ பெரிய காயம் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. கண்ணாடி பார்த்து வரைகிற யாருக்கும் அந்தப் பார்வை வந்துவிடும். தன் கண்ணைத் தானே உற்றுப் பார்த்தால் புருவம் நெரியும், உதடு இறுகும்.

முதலில் கண்ணாடி எப்படி இருந்தது என்று பார். கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் இமை தாழ்ந்து முகம் சோர்ந்து தெரியும். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தால் கண்குழி கறுத்துவிடும். முகம் சிறியதாக இருப்பதற்கும் அர்த்தம் தேடாதே. எவ்வளவு தள்ளி நின்றாலும் கண்ணாடிப் பரப்பில் நம் முகம் பாதி அளவுதான், 22 செ.மீ. முகம் அங்கே 11 செ.மீ. இடமும் வலமும் மாறிவிடும். டச்சு ஓவியர் வான்கோ அறுத்துக்கொண்டது இடக்காதை; 1889 ஜனவரியில் வரைந்த சுய உருவப்படத்தில் கட்டு வலப்பக்கம் இருக்கிறது.

தேதியையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் நெற்றியில் கை வைத்திருப்பதுபோல் தன்னையே வரைந்த செதுக்கோவியத்தைப் பார்க்கிறவர்கள், முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த தாயின் துக்கம் என்று உருகிவிடுவார்கள். படம் 1910. மகன் இறந்தது 1914 அக்டோபரில்.

அப்படியானால் காயம் எங்கே தெரியும்? கண்ணாடியில் இல்லாமல் ஓவியர் கொண்டுவந்து வைத்த பொருளில். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தன்னையே வரைந்த ‘உடைந்த தூண்’ (1944) படத்தை எடுத்து வைத்துப் பார். 1925 பேருந்து விபத்தில் நொறுங்கிய முதுகெலும்பின் இடத்தில் விரிசல் விட்ட கல்தூண், உடலை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள், முகம் வரை ஏறிய ஆணிகள். கன்னத்தில் கண்ணீர் உண்டு, ஆனால் முகத் தசை ஒன்றுகூடச் சுருங்கவில்லை. வலி முழுவதையும் பொருள்களிடம் கொடுத்துவிட்டு முகத்தை அசையாமல் வைத்திருக்கிறார். எனக்கு அந்த அடக்கம்தான் நெஞ்சை அறுக்கிறது.

அந்தப் பெண்ணை இரண்டு படம் வரையச் சொல். முதலாவது, கண்ணாடியைக் கண் மட்டத்தில் செங்குத்தாக வைத்து, ஒரே பக்க வெளிச்சத்தில், சார்க்கோலில் (கரிக்குச்சியில்), 20 நிமிடம். அடுத்த நாள் கண்ணாடி இல்லாமல் நினைவிலிருந்து. இரண்டிலும் திரும்ப வருவதும், இரண்டாவதில் புதிதாக நுழைவதும்தான் அவளுடையவை. அதற்கும் நீ விளக்கம் சொல்லாதே. அவள் சொன்னால் கேள். கை நடுங்கினாலோ மூச்சு முட்டினாலோ அத்தோடு நிறுத்திவிடு. வற்புறுத்தினால் பழைய வேதனைதான் கிளறும். அந்த நிலை தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போகச் சொல், ஓவிய வகுப்பு அதற்கு ஈடாகாது.

இங்கே மூடுபனி இறங்கிவிட்டது. தாள் ஈரம் வாங்கிச் சார்க்கோல் திட்டுத்திட்டாக ஒட்டுகிறது. பெட்டியில் பூட்டி வைத்துத்தான் எடுக்கிறேன். சேலம் வெயிலில் உனக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெண் சம்மதித்தால் மட்டும், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்