மலைக்கும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் வீட்டு அலங்காரப் பக்கத்தைக் கோத்தகிரியிலிருந்து தவறாமல் படித்துவருகிறேன். பழைய நாற்காலிக்குப் புது வண்ணம், சாக்குத் துணியில் திரைச்சீலை, பிறந்தநாள் கேக்கில் பூ வேலை என்று வாரந்தோறும் ஏதாவது ஒன்றைக் கற்றுத்தருகிறீர்கள். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவைக்கும் பெண்கள் பலர். அவ்வளவு மதிப்புள்ள பக்கம் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அது முழுக்க முழுக்கச் சமவெளி வீடுகளை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. எங்கள் ஈரமும் குளிரும் அதில் இல்லை. எங்கள் கைக்கு எட்டும் பொருள்களும் இல்லை.

மழைக்கால விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கும்போது பழைய மேசைக்குப் பாலிஷ் போடலாம் என்று ஐப்பசியில் ஒரு குறிப்பு வந்தது. ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடியில் பெரும் மழை என்றால், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரும் மழை. அந்த நாள்களில் அரக்கு பாலிஷைத் தொடவே கூடாது. அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். காலையில் பார்த்தால் மேசை முழுக்க வெள்ளை பூத்திருக்கும். பலர் இதைப் பூஞ்சை என்று எண்ணி அத்தனையையும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சுரண்ட வேண்டியதில்லை. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரே வீச்சில் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

என் அப்பா இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். தை பாதிக்கு மேல் பங்குனி முடியும்வரை மட்டுமே அவர் பூச்சு வேலைக்கு ஒப்புக்கொள்வார். மற்ற மாதங்களில் யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் கழன்ற மூட்டுகளை இறுக்குவது, பிரம்பு பின்னுவது, கீல் மாற்றுவது என்பதோடு நிறுத்திக்கொள்வார். மழை மாதத்தில் இழுப்பறை இறுகிப்போனது என்று யாராவது வந்தால் அவர் இழைப்புளியை எடுக்கமாட்டார். மெழுகுவத்தித் துண்டு ஒன்றைக் கொடுத்து, இழுப்பறை ஓடும் சட்டங்களில் தேய்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார். ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். கார்த்திகையில் இழைத்துவிட்டால் மாசியில் அதே இழுப்பறை லொடலொடவென்று ஆடும். இந்த ஒரு செய்தியை உங்கள் பக்கத்தில் அச்சிட்டால் மலையில் எத்தனையோ பழைய மேசைகள் பிழைக்கும்.

பிழைக்கும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள வீடுகளிலிருந்து தேக்கு, ஈட்டி மரச் சாமான்கள் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் உளுத்த கால், தளர்ந்த பிரம்பு, மங்கிய பூச்சு, இவ்வளவுதான் குறை. பழைய சாமான் வியாபாரிக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேசை வாங்குகிறார்கள். அந்தப் பலகை நம் காற்றுக்குத் தாங்காது. விளிம்பில் ஒட்டிய தாள் கொஞ்சம் பிரிந்தாலே ஈரம் உள்ளே இறங்கிப் பலகை வீங்கும். வீங்கியதை இழைக்கவும் முடியாது, அதில் திருகாணியும் நிற்காது. பக்கத்து வீட்டு அக்காவின் மகனுடைய படிப்பு மேசை அப்படித்தான் ஆயிற்று. இப்போது கோழிக்கூண்டுக்கு மேல் மூடியாகக் கிடக்கிறது. அவர்கள் கொடுத்துவிட்ட ஈட்டி மேசையோ இனிக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பிரம்பு நாற்காலி தளர்ந்துவிட்டால் உடனே தூக்கிப்போட வேண்டாம். பிரம்பு அறுந்திராமல் தொய்ந்து மட்டும் இருந்தால், நாற்காலியைக் கவிழ்த்துவைத்து, சுடுநீரில் நனைத்த துணியை அடிப்பக்கமாகப் பிரம்பின் மேல் பரப்பி நன்றாக ஊறவிட வேண்டும். பிறகு யாரும் உட்காராமல் நிழலில் காயவிட்டால், காயக் காயப் பிரம்பு தானே இறுகி மேலேறும். செலவே இல்லாத வேலை இது. எங்கள் பகுதியில் பின்னல் தெரிந்தவர்கள் மிகக் குறைந்துவிட்டதால், இது தெரியாமல் நல்ல நாற்காலிகள் விறகாகிவிடுகின்றன.

மலைக்கே உரிய இன்னொரு பொருள் தேயிலைப் பெட்டி. காகித மூட்டைகள் வருவதற்கு முன் தேயிலை அத்தனையும் ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் போகும். ஓரங்களில் தகரப் பட்டை, உள்ளே அலுமினியத் தாள், வெளியே தோட்டத்தின் பெயரும் தரமும் எடையும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். தோட்ட வீடுகளில் இந்தப் பெட்டிதான் அரிசிப் பெட்டி, அதுதான் புத்தக அலமாரி, பிள்ளைகளுக்கு அதுதான் மேசை. இன்னும் பல வீடுகளின் பரணில் இவை கிடக்கின்றன. இரண்டைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்பக்கம் ஒரு சட்டம் அடித்தால் அருமையான அலமாரி. அச்செழுத்து உள்ள பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மெல்லிய பூச்சு கொடுத்தால் போதும். தோட்டத்தில் உழைத்தவர்கள் நாள்தோறும் பார்த்த எழுத்து அது. தகரப் பட்டையின் ஆணிகள் துருவேறியிருக்கும், அவற்றை முதலில் பிடுங்கிவிட வேண்டும். மிகப் பழைய பெட்டிகளில் அலுமினியத்துக்குப் பதிலாக ஈயத்தாள் இருந்தது. தொட்டால் மெத்தென்று வளைந்து கனமாக இருக்கும் சாம்பல் நிறத் தாள் உள்ளே இருந்தால், அந்தப் பெட்டியில் உணவுப் பொருள் வைக்கக் கூடாது, குழந்தைகளிடமும் கொடுக்கக் கூடாது.

ஈயம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பக்கத்தில் ஒருமுறைகூட இந்த எச்சரிக்கையை நான் பார்க்கவில்லை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபளப்பான பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய தொட்டிலுக்குப் புது வண்ணம் கொடுக்கிறோம் என்று அறைக்குள் உட்கார்ந்து உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். நீர்த்தாள் வாங்கி, நனைத்து, வெளியில் வைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது. குளிருக்குப் பயந்து எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொண்டு வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும், சுருண்ட துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போட்டுவிட வேண்டும்.

பிரம்புக்கு மாற்றாக உண்ணிக்குச்சியையும் நீங்கள் அறிமுகப்படுத்தலாம். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று முதுமலைக் காட்டை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அதன் தண்டை வேகவைத்துத் தோலை உரித்துச் சூட்டோடு வளைத்தால் நாற்காலியும் கூடையும் செய்யலாம். முதுமலை, கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்கள் இந்தக் குச்சிகளைக் கொண்டு ஆளை மிஞ்சும் யானை உருவங்களைச் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன. அவர்கள் செய்த நாற்காலியை விலை கொடுத்து வாங்கலாம் என்று நம் ஊர் இணைப்பிதழ் ஒரு வரி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி விருந்துப் பக்கத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். அண்மையில் வந்த பிறந்தநாள் சிறப்புப் பக்கத்தில் தெர்மாகோல் எழுத்துகள், பிளாஸ்டிக் குச்சியில் பலூன், மின்னும் தூள் தூவிய கேக் என்று படங்களோடு போட்டிருந்தீர்கள். அலங்காரத் தெர்மாகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. மிட்டாய்க்குச் செருகும் பிளாஸ்டிக் குச்சியும், இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் உறையும் அதே பட்டியலில் இருக்கின்றன. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் பல ஆண்டுகள் முந்தையது. மலையேறி வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கிவைக்கிறார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தின் வீடுகளுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பக்கம் தெர்மாகோலைக் கொண்டுவருகிறது. எங்கள் தெருக்களில் இரவில் காட்டெருமை நடக்கும், கரடி குப்பைத்தொட்டியைக் கிளறும். கிரீம் ஒட்டிய பிளாஸ்டிக்கை அவை விட்டுவைக்குமா?

மின்னும் தூளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக நறுக்கியவைதான். உறையில் நச்சற்றது என்று போட்டிருந்தால் உண்ணத் தக்கது என்று பொருளாகாது. சேர்மானங்களை எழுதி, உணவுக்கானது என்று தெளிவாகக் குறிப்பிட்டவற்றையே கேக்கில் சேர்க்கலாம். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அண்ணன் மகளின் பிறந்தநாளுக்குப் பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சி வெண்ணெய்க் கிரீமில் கலந்தேன். "அத்தை, ரோஜாப்பூ நிறம்!" என்று அவள் துள்ளினாள். மாவில் மஞ்சள் சேர்ப்பவர்கள் சமையல் சோடாவின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சோடா மிகுந்தால் மஞ்சள் சிவந்துவிடும்.

கேக்கின் மேல் புதுப்பூ வைக்கும் வழக்கமும் பரவிவருகிறது. மலையில் இது ஆபத்தான விளையாட்டு. எங்கள் வேலியோரங்களில் அழகாகத் தெரிபவற்றில் பல நஞ்சு. தலைகீழாகத் தொங்கும் பெரிய மணி போன்ற பூ ஊமத்தையின் உறவு, மிகக் கொடியது. நீலப் பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, வெள்ளை ஆரம் லில்லி, உண்ணிப்பூ எதையும் தின்பண்டத்தின் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. மருந்தடிக்காத ரோஜாவும், சரிவுகளில் தானாகப் படரும் நாஸ்டர்டியமும் பயமில்லாதவை. ரோஜா இலையைக் கழுவித் துடைத்து, அதன் அடிப்பக்கத்தில் உருக்கிய சாக்லேட்டைத் தடவி, இறுகியபின் இலையை உரித்தால் நரம்புகளோடு சாக்லேட் இலை கிடைக்கும். எங்கள் குளிரில் குளிர்சாதனப் பெட்டிகூட வேண்டாம், ஜன்னலோரம் வைத்தால் போதும்.

பாகு காய்ச்சும் குறிப்புகளில் வெப்பமானி அளவு மட்டும் கொடுக்கிறீர்கள். 1800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே 115 டிகிரியில் வரவேண்டிய உருட்டுப் பதம் எங்களுக்கு 109 வாக்கிலேயே வந்துவிடுகிறது. அச்சிட்ட அளவை நம்பிக் காத்திருந்தால் பாகு கல்லாகிவிடும். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் நம் பாட்டிமார் முறை எந்த உயரத்துக்கும் பொருந்தும், அதையும் சேர்த்து எழுதுங்கள். முட்டை வெள்ளையில் அடிக்கும் ஐசிங்கும் மழை மாதத்தில் இங்கே லேசில் உலராது. அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துத்தான் உலர்த்த வேண்டியிருக்கிறது.

மேசைக்குப் பூசும் அரக்குதான் கடை மிட்டாய்களின் பளபளப்புக்கும் பூசப்படுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரே பூச்சியின் பிசின், ஆனால் தச்சர் பாலிஷில் நஞ்சூட்டிய ஸ்பிரிட் கலந்திருப்பதால் அது உணவின் பக்கமே வரக் கூடாது. இப்படிப்பட்ட செய்திகளைத்தான் உங்கள் பக்கத்தில் எதிர்பார்க்கிறேன்.

ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் எந்த மாதத்துக்கு, எந்தக் காலநிலைக்கு உரியது என்று ஒரே ஒரு வரி சேருங்கள். தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் படத்தில்கூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை வாசகர்களின் கைவேலைகளுக்கு மாதம் ஒருமுறையாவது இடம் கொடுங்கள். தை பிறந்ததும் பிரம்பு பின்னும் முறையை, அப்பா எனக்குக் காட்டித்தந்த வரிசையிலேயே, படங்களோடு எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன். சன்மானம் வேண்டாம். எத்தனை சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தச்சர் வீட்டு மகள் ஒருத்தி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.