கஞ்சா வழக்கில் கைது: முதலில் எடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இத்தனை கிலோ கஞ்சா பறிமுதல், இத்தனை பேர் கைது’ என்று செய்தி வராத நாளே இல்லை. பிடிபட்டவர்களின் வீட்டாருக்கு அடுத்து என்ன செய்வது என்றே தெரிவதில்லை. நான் மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்ற வராந்தாவில் நான் பார்த்த அப்பா அம்மாக்களில் பலர் முதல் வாரத்திலேயே நகையை அடகு வைத்தவர்கள். ‘ரெண்டே நாளில் ஜாமீன் எடுத்துத் தர்றேன்’ என்று யாரோ ஒரு புரோக்கர் சொல்லியிருப்பான். அந்தப் பணம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அடிதடி, திருட்டு வழக்கில் கிடைப்பது போல இதில் ஜாமீன் எளிதாகக் கிடைக்காது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே எடையைப் பொறுத்தது. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது, 20 ஆண்டு வரை போகும். மெத்தாம்பெட்டமின் என்ற செயற்கைப் போதைப்பொருள் என்றால் 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவுதான். வணிக அளவு என்று வந்துவிட்டால் அந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வக்கீல் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்ல, வெளியே விட்டாலும் தப்பு செய்ய மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குப் படவேண்டும். எந்தப் புரோக்கராலும் அதை இரண்டு நாளில் முடிக்க முடியாது.

அதனால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கியதும் எடையைப் பாருங்கள். ஒரு அம்மா என்னிடம் நீட்டிய நகலில் ‘21 கிலோ’ என்று இருந்தது. பறிமுதல் செய்த இடத்தில் எழுதும் மகஜரைப் படித்தால், காக்கி டேப் சுற்றிய பொட்டலங்களைச் சாக்கோடு சேர்த்தே தராசில் வைத்திருக்கிறார்கள். சாக்கையும் டேப்பையும் கழித்தால் எவ்வளவு? அந்தக் கேள்வியை வைத்துத்தான் எங்கள் வக்கீல் ஜாமீன் மனுவே தயாரித்தார். காம்பும் இலையும் பூவும் கலந்து கிடந்தால் அதையும் கேட்க இடமுண்டு. பூ, காய் உள்ள நுனிப்பகுதியைத்தான் சட்டம் கஞ்சா என்கிறது. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்தக் கணக்கில் வராது.

கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடம்பைச் சோதனை போடுவதற்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். இதையெல்லாம் சிறையில் பையனை மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போது மறக்காமல் கேளுங்கள். சொன்னார்களா, எதில் கையெழுத்து வாங்கினார்கள், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். ‘அவனே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டானாம்’ என்று இடிந்துபோய் உட்கார வேண்டாம். அதிகாரிகளிடம் இதே சட்டத்தின் 67ஆவது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அது நம் தமிழ்நாட்டு வழக்குதான், தூஃபான் சிங் வழக்கு.

அப்புறம் ஒரு தேதி. வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம். அரசு வக்கீல் காரணம் காட்டிக் கேட்டால் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை என்றால் 60 நாள்தான். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். கெடு முடிந்தும் தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் தாக்கல் ஆவதற்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் அசந்தால் போச்சு.

ஜாமீனுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே குண்டர் சட்டத்தில் அடைக்கும் உத்தரவும் வரலாம். அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘போதைப்பொருள் குற்றவாளி’ என்று தனி வகையே உண்டு, ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அதற்கான காரணங்களை 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்தக் காகிதக் கட்டை அப்படியே வாங்கி வக்கீலிடம் சேருங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், புரோக்கர் தேவையில்லை. தொலைபேசி எண் 15100. கைதுச் செய்தி போடும்போதெல்லாம் அதன் கீழே இந்த எண்ணையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மதுரை.