நீ எனக்கு ஒரு ஆட்டம் பாக்கி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். மகள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி கிடையாது. சாயங்காலம் போக்கிடம் இல்லாமல் பக்கத்தில் உள்ள பூல் பார்லருக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். இருபது வருடம் கழித்துக் கியூவை, அந்தப் பந்தடிக்கிற கோலை, தொட்டால் கை நடுங்குகிறது. வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அங்கே சுவரில் எட்டுப் பந்து ஆட்டத்தின் சர்வதேச விதிகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பந்தால் அடித்து ஆளுக்கு ஏழு பந்தைப் பாக்கெட்டில் தள்ளி, கடைசியில் கறுப்பு எட்டைத் தள்ளுகிற நம் பழைய ஆட்டம்தான். மேசை காலியாகும்வரை நின்று படித்தேன். படித்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் நாட்களில் அந்த ஞாயிற்றுக்கிழமை. என் ஏழு பந்தும் உள்ளே, கறுப்பு எட்டு மூலைப் பாக்கெட்டின் வாயில். அடித்தேன். எட்டு பாக்கெட்டின் தாடையில் இரண்டு முறை தட்டிவிட்டு வெளியே நின்றது. வெள்ளைப் பந்து மட்டும் மேசை ஓரத்துக் குஷனில் பட்டுத் திரும்பி, அவசரமே இல்லாமல் உருண்டு போய் நடுப் பாக்கெட்டில் விழுந்தது. "ஸ்கிராட்ச்! ஆட்டம் முடிஞ்சுது, பரோட்டா உன் செலவு" என்று நீ கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டாய்.

முடியவில்லை மாப்ளே. எட்டும் விழுந்து, அதே அடியில் வெள்ளையும் விழுந்தால்தான் தோல்வி. எட்டு மேசையிலேயே நின்றுவிட்டால் அது மற்ற ஃபவுல் மாதிரி ஒரு ஃபவுல், அவ்வளவுதான். வெள்ளைப் பந்து உன் கைக்கு வந்திருக்கும். உனக்கு அப்போது நாலு பந்து பாக்கி. நீ ஆடுகிற லட்சணத்துக்கு எனக்கு இன்னொரு வாய்ப்பு நிச்சயம் வந்திருக்கும். நீ சொன்ன மாதிரியே ஆடும் இடங்களும் உண்டுதான், ஆனால் அது அந்தந்தக் கடையின் சட்டம்.

இன்னொன்று. ஃபவுல் ஆனால் வெள்ளையை எப்போதும் மேசையின் தலைப்பக்கக் கோட்டுக்குப் பின்னால்தான் வைப்போம், இல்லையா? அது பிரேக்கில், அதாவது அடுக்கிய பந்துகளை உடைக்கிற முதல் அடியில், ஃபவுல் ஆனால் மட்டும்தானாம். மற்ற நேரத்தில் மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு எந்தத் திசையிலும் அடிக்கலாம். ஸ்னூக்கரில் ஃபவுலுக்கு எதிராளிக்கு நாலிலிருந்து ஏழு பாயின்ட் வரை போகும். ஸ்னூக்கர் விதிகளை 1880-களில் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பூலில் பாயின்ட்டே இல்லை, வெள்ளைப் பந்தையே தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நல்ல ஆட்டக்காரன் கையில் அது கிடைத்தால் நாம் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

நமக்குக் கேரம் புத்தி. ஸ்ட்ரைக்கரோடு காயின் விழுந்தால் அதையும் எடுத்து, கூட ஒன்றையும் நடுவில் வைப்போமே, அதே மாதிரி பூலிலும் விழுந்த பந்தை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு. ஃபவுல் அடியில் உள்ளே போன பந்து உள்ளேதான். எட்டு மட்டும் விதிவிலக்கு. உன் பந்துகள் தீராமல் எட்டை உள்ளே தள்ளினாலோ மேசையை விட்டுப் பறக்கவிட்டாலோ ஆட்டம் போச்சு. ஆனால் பிரேக்கிலேயே எட்டு விழுந்தால் வெற்றி என்று குதிப்பாயே, அதுவும் கிடையாது. எட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துத் தொடரலாம், இல்லையென்றால் மறுபடி அடுக்கி உடைக்கலாம்.

சரி, என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். வழியில்லாதபோது வெள்ளையை என் பந்தின் மேல் மெல்லச் சாய்த்து, உன் வழியை மறித்துவிட்டுச் சிரிப்பேனே? அத்தனையும் ஃபவுல். முதலில் என் பந்தில் பட வேண்டும், பட்ட பிறகு ஏதாவது ஒன்று விழ வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பந்தாவது குஷனைத் தொட வேண்டும். இரண்டு பந்தும் விரலகலத்தில் நிற்கும்போது நேராக ஒரு குத்து விடுவேன், அதுவும் பெரும்பாலும் கியூவின் நுனி வெள்ளையில் இரண்டு முறை பட்டிருக்கும். அடிபட்ட பந்தின் பின்னாலேயே வெள்ளையும் அதே வேகத்தில் ஓடினால் அதுதான் அடையாளமாம். என் வெள்ளை எப்போதும் ஓடியது. நீயோ இரண்டு காலையும் தூக்கி மேசைமேல் படுத்து அடிப்பாய். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்று ஐந்தடி நாலங்குலத்துக்காரனிடம் அப்போது யார் சொல்வது?

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் யார் யாருக்கு எத்தனை பரோட்டா என்று தெரியவில்லை. நான் அந்த ஒரு ஆட்டத்தை மட்டும்தான் கேட்கிறேன். பொங்கல் கழிந்த சனிக்கிழமை சென்னை வருகிறேன், சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. எட்டு மூலைப் பாக்கெட்டின் வாயில், வெள்ளை உன் கையில், உனக்கு நாலு பந்து. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்